எடுத்த படம் எங்கே போச்சு?

பெரியம்மா அனுப்பிய படத்தில் பாதி அவர்தான் இருந்தார். மானிட்டர் கண்ணாடியில் அவருடைய முகம், கையிலிருந்த செல்ஃபோன், பின்னாலிருந்த ஜன்னல் எல்லாம் தெரிந்தன. திரை முழுக்க வளைவு வளைவாக வரிகள். நடுவில் ஏதோ ஒரு எரர் செய்தி. அதில் எனக்கு வேண்டியது கடைசியில் இருக்கும் எண் மட்டும்தான். ஃப்ளாஷ் வெளிச்சம் சரியாக அதன் மேலேயே விழுந்திருந்தது.

"தெரியுதாப்பா?" என்று ஃபோனில் கேட்டார்.

"உங்க மூக்குக்கண்ணாடி நல்லா தெரியுது பெரியம்மா."

சிரித்துவிட்டு, "அந்த ஸ்கிரீன்ஷாட் பட்டனைத்தான் முதல்ல அமுக்கினேன். நாலு தடவை அமுக்கியும் ஒண்ணும் நடக்கலை. அதான் ஃபோன்ல எடுத்தேன்" என்றார்.

நடக்காமல் இல்லை. நாலு தடவையும் படம் விழுந்திருக்கிறது. எங்கே விழுந்தது என்று கணினி சொல்லவில்லை, அவ்வளவுதான். பல வருடங்களாக உறவுக்காரர்களின் கணினிகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். எந்த பட்டனை அமுக்குவது என்று கேட்டவர்களைவிட, எடுத்த படம் எங்கே போச்சு என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டே இடம்தான்

கீபோர்டின் மேல் வரிசையில் வலது பக்கமாக ஒரு விசை இருக்கும். பிரின்ட் ஸ்கிரீன் என்பதைச் சுருக்கி நாலைந்து எழுத்தில் எழுதியிருப்பார்கள். பெயரில் பிரின்ட் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ஷிஃப்டோடு சேர்த்து இந்த விசையை அமுக்கினால், திரையில் இருக்கும் எழுத்துகள் அப்படியே பிரின்டருக்குப் போய் தாளில் வந்து விழும். இன்றைக்கு இந்த விசை எதையும் அச்சடிப்பதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்போது அதை அமுக்கினால் படம் இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போகும். ஒன்று கிளிப்போர்டு. காப்பி செய்ததை எங்காவது பேஸ்ட் செய்யும் வரை கணினி கையில் பிடித்து வைத்திருக்கிறதே, அந்த இடம். இன்னொன்று ஃபோல்டர். அங்கே அது ஒரு ஃபைலாகச் சேமிக்கப்படும். இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

விண்டோஸ் 10-இல் பிரின்ட் ஸ்கிரீனைத் தனியாக அமுக்கினால், பொதுவாக முழுத்திரையும் சத்தமில்லாமல் கிளிப்போர்டுக்குப் போகும். திரை மின்னாது, செய்தி எதுவும் வராது. பெரியம்மா ஏமாந்தது இங்கேதான். எடுத்த கையோடு பெயின்டையோ வேர்டையோ திறந்து, அல்லது மின்னஞ்சல் எழுதும் இடத்தில் கர்சரை வைத்து, கன்ட்ரோலும் வி-யும் சேர்த்து அமுக்கினால் படம் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்திருந்தால் அந்த உரையாடல் பெட்டியிலேயே பேஸ்ட் செய்யலாம். நோட்பேடில் மட்டும் முயல வேண்டாம். அது எழுத்தைத்தான் வாங்கும், படத்தை வாங்காது. இதைச் சொன்னபோது, "அதுலயும் போட்டுப் பாத்தேன்" என்றார் பெரியம்மா.

விண்டோஸ் 11-ஐப் புதிதாக அப்டேட் செய்து வைத்திருப்பவர்களுக்கு அதே விசை ஸ்னிப்பிங் டூலைத் திறக்கும். திரையைப் படம் எடுக்க விண்டோஸிலேயே இருக்கும் ப்ரோகிராம் அது. திரை மங்கி, மேலே ஒரு சின்னப் பட்டை வரும். பழைய வழக்கமே வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குப் போய், அதற்குள் கீபோர்டு பகுதியில் பிரின்ட் ஸ்கிரீனுக்கான ஸ்விட்சை அணைத்துவிடலாம்.

கிளிப்போர்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே ஒரு சமயத்தில் ஒன்றுக்குத்தான் இடம். அடுத்து எதைக் காப்பி செய்தாலும் முன்னதை அது தள்ளிவிடும். நான் ஒருமுறை நீளமான விண்ணப்பம் ஒன்றை நிரப்பி, கடைசிப் பக்கத்தில் வந்த பதிவு எண்ணைப் பிரின்ட் ஸ்கிரீன் அமுக்கி எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் யாரோ ஒரு முகவரி கேட்டார்கள். அதைக் காப்பி செய்து அனுப்பினேன். விண்ணப்பப் பக்கத்தையும் மூடிவிட்டேன். அப்புறம் வேர்டைத் திறந்து பேஸ்ட் செய்தால் அந்த முகவரி வருகிறது. பதிவு எண் போயே போச்சு. திரும்ப வாங்க மூன்று நாள் மின்னஞ்சலில் அலைந்தேன்.

அதிலிருந்து விண்டோஸ் விசையையும் வி-யையும் சேர்த்து அமுக்கக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை அமுக்கும்போது கிளிப்போர்டு ஹிஸ்டரியை இயக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று விட்டால், அன்றிலிருந்து கடைசியாகக் காப்பி செய்த 25 விஷயங்கள் வரை அங்கே வரிசையாக இருக்கும், படங்கள் உட்பட. கணினியை மறுபடி தொடங்கினால் நீங்காதபடி 'பின்' (pin) செய்து வைத்தவை தவிர மற்றவை காலியாகிவிடும். ஆனால் முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் இது உதவும். தொலைத்த பிறகு போய்த் தேடினால் எதுவும் இருக்காது.

நேராக ஃபைலாகவே வேண்டுமா? விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு பிரின்ட் ஸ்கிரீனை அமுக்குங்கள். திரை ஒரு கணம் மங்கித் தெளியும். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்றொரு ஃபோல்டர் இருக்கும், படம் அதற்குள் இருக்கும். திரை மங்கவில்லை என்றால் லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கலாம். பல லேப்டாப்களில் பிரின்ட் ஸ்கிரீன் வேறொரு விசையின் முதுகில் சவாரி செய்கிறது.

அந்த ஃபோல்டரிலும் படம் இல்லையா? மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவைப் பாருங்கள். பிக்சர்ஸ் ஃபோல்டரைக் காப்பு எடுக்கச் சொல்லி எப்போதோ சரி கொடுத்திருப்பீர்கள். அப்படியானால் அந்த ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் குடிபோயிருக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டியிருக்கும்.

நான் எடுக்கும் விதம்

முழுத்திரைப் படம் எனக்கு அநேகமாகத் தேவைப்படுவதில்லை. விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்குவதுதான் என் வழக்கம். திரை மங்கும், கர்சர் கூட்டல் குறியாக மாறும். வேண்டிய பகுதியின் இடது மேல் மூலையில் மௌஸை அழுத்தி, விடாமல் வலது கீழ் மூலை வரை இழுத்து விட்டால் அந்தச் செவ்வகம் மட்டும் படமாகும். தப்பாக ஆரம்பித்துவிட்டால் எஸ்கேப். மேலே உள்ள பட்டையில் வேறு வடிவங்களும் உண்டு. ஒரே ஒரு விண்டோ, முழுத்திரை, கையால் வரைகிற மாதிரி வளைந்த கோடு. அந்த வளைந்த கோட்டை ஒருவராவது உருப்படியாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

இழுக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. எரர் செய்தி என்றால் பெட்டியின் நாலு விளிம்பும் உள்ளே வர வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் காற்று விட்டு. பெட்டியின் தலையில் ப்ரோகிராமின் பெயர் எழுதியிருக்கும். அதை வெட்டிவிடாதீர்கள். அந்தப் பெயர் இல்லாவிட்டால் பார்க்கிறவருக்கு எந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றே தெரியாது. இணையப் பக்கம் என்றால் முகவரிப் பட்டையும் சேர்ந்து வந்தால் நல்லது, சில சமயம் தவிர. அந்தச் சில சமயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த முறையில் எடுத்த படம் விண்டோஸ் 10-இல் கிளிப்போர்டுக்கு மட்டும்தான் போகும். ஓரத்தில் வரும் அறிவிப்பைக் கிளிக் செய்து திறந்து, சேவ் கொடுத்தால்தான் ஃபைலாகும். விண்டோஸ் 11-இல் அதே ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் ஒரு பிரதி தானாகவும் சேர்ந்துவிடும். ஒரு விண்டோ மட்டும் போதுமென்றால் ஆல்ட்டும் பிரின்ட் ஸ்கிரீனும் இன்னும் சுருக்கமான வழி. அதுவும் கிளிப்போர்டுக்குத்தான்.

சில மெனுக்கள் கையை எடுத்தவுடன் மூடிக்கொள்ளும். அவற்றைப் பிடிக்க ஸ்னிப்பிங் டூலைத் திறந்து, தாமதத்தை அமைக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் 3, 5, 10 விநாடி என்று இருக்கிறது. 5 விநாடி வைத்துவிட்டு, நிதானமாகப் போய் மெனுவைத் திறந்து காத்திருங்கள். குழு ஃபோட்டோவுக்கு டைமர் வைத்துவிட்டு ஓடிப் போய் நிற்பது மாதிரிதான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வாழ்க்கை கொஞ்சம் எளிது. கமாண்ட், ஷிஃப்ட், 3 என்றால் முழுத்திரை. 3-க்குப் பதில் 4 என்றால் வேண்டிய பகுதி. 4-ஐ அமுக்கிய பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கர்சர் கேமராவாக மாறும். எந்த விண்டோவின் மேல் வைத்துக் கிளிக் செய்கிறீர்களோ அது மட்டும் வரும். அப்போது ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் விண்டோவைச் சுற்றி விழும் நிழல் வராது. 5 என்றால் எல்லா வசதியும் ஒரே பட்டையில் கிடைக்கும். இது 2018-இல் வந்த மொஹாவி என்ற மேக் பதிப்பிலிருந்து இருக்கிறது. படங்கள் வழக்கமாக டெஸ்க்டாப்பில் போய் உட்காரும். 3, 4 இரண்டில் எதை அமுக்கும்போதும் கன்ட்ரோலையும் சேர்த்தால் ஃபைலுக்குப் பதில் கிளிப்போர்டு. ஒரு சின்ன எச்சரிக்கை: எடுத்தவுடன் வலது கீழ் மூலையில் படம் குட்டியாக மிதக்கும். அது ஒதுங்கும் வரை டெஸ்க்டாப்பில் ஃபைல் தோன்றாது. காணோமே என்று பதறி இன்னொன்று எடுத்து, அதையும் காணோமே என்று மூன்றாவது எடுத்து, கடைசியில் ஐந்து பிரதி சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப் இருந்தால், 2022-இல் வந்த அதன் 42-ஆம் பதிப்பு முதல், பிரின்ட் ஸ்கிரீனை அமுக்கினால் தேர்வுப் பட்டை வரும். படம் கிளிப்போர்டு, ஃபோல்டர் இரண்டுக்கும் போகும். கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, படம் எடுக்க ஸ்பெக்டக்கிள் என்ற ப்ரோகிராம் இருக்கிறது.

ஒரு பக்கம் முழுவதும், அதாவது கீழே ஸ்க்ரோல் செய்தால் வரும் பகுதியும் சேர்ந்து வேண்டுமென்றால் பிரவுசரிலேயே வழி உண்டு. ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அமுக்கினால் முழுப் பக்கத்தையும் எடுக்கும் வசதி வரும். ஆனால் பனைமர உயரத்துக்கு ஒரு படத்தை அனுப்பினால் யாரும் படிக்கப் போவதில்லை. ரசீது, டிக்கெட் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டியவற்றுக்கு நான் ஸ்கிரீன்ஷாட்டே எடுப்பதில்லை. கன்ட்ரோலும் பி-யும் அமுக்கி, பிரின்டருக்குப் பதில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்கிறேன். அதில் எழுத்து பொதுவாக எழுத்தாகவே இருக்கும், பிறகு தேடலாம்.

ஓடிடி படங்களில் ஒரு காட்சியை எடுக்கப் பார்த்து, வெறும் கறுப்புச் சதுரம் வந்தால் கணினியைத் திட்ட வேண்டாம். காப்புரிமைப் பாதுகாப்புள்ள வீடியோவைப் பிடிக்க விடாதபடி அமைத்திருக்கிறார்கள்.

அனுப்புவதற்கு முன்னால்

ஒரு படிவத்தில் சந்தேகம் வந்து அக்காவுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். முழுத்திரை. படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அக்கா கேட்டாள்: "டேய், அந்த வாட்ச் எனக்கா?" மேலே வரிசையாகத் திறந்திருந்த டேப்களில் ஒன்றின் தலைப்பை அவள் படித்துவிட்டாள். ஒரு வாரமாக ரகசியமாகத் தேடி வைத்திருந்த பரிசு அது.

எனக்கு நஷ்டம் அவ்வளவுதான். ஆனால் அதே இடத்தில் வேறு என்னென்ன இருந்திருக்கலாம் என்று பாருங்கள். புக்மார்க் பட்டையில் உங்கள் வங்கியின் பெயர், மேல் மூலையில் மின்னஞ்சல் முகவரி, ஓரத்தில் சட்டென்று எட்டிப் பார்க்கும் செய்தியில் ஓடிபி எண். சில தளங்கள் முகவரிப் பட்டையிலேயே உங்கள் கணக்குக்குள் நுழையும் நீண்ட சாவியை எழுதி வைத்திருக்கும். முகவரிப் பட்டையை வெட்ட வேண்டிய சில சமயம் என்று சொன்னேனே, அது இதுதான். பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு, பிறருடன் பகிரும் ஃபைலின் இணைப்பு போன்றவை.

மறைக்க வேண்டியதை மறைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மங்கலாக்குவதோ கட்டம் கட்டமாகச் சிதைப்பதோ போதாது. எண்களும் எழுத்துகளும் ஒரு சில வடிவங்கள்தானே, சிதைத்த கட்டங்களைப் பார்த்தே எதுவாக இருக்கும் என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஹைலைட்டர் மாதிரி அரைகுறையாக ஊடுருவித் தெரியும் கறுப்புப் பேனாவால் கிறுக்கினால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியவுடன் அடியில் இருப்பது தெரிந்துவிடும். பெயின்டில் செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து, உள்ளேயும் கெட்டியான நிறம் நிரம்பும்படி வைத்து, எண்ணின் மேல் இழுத்து, படமாகச் சேமியுங்கள். வேர்டில் படத்தின் மேல் கறுப்புப் பெட்டியை வைத்து அந்த வேர்டு ஃபைலையே அனுப்பினால், வாங்குகிறவர் பெட்டியை மௌஸால் நகர்த்திவிட்டுப் பார்த்துக்கொள்வார். வேர்டில் வெட்டிய படமும் அப்படித்தான். வெட்டிய பகுதி பெரும்பாலும் உள்ளேயே மறைந்திருக்கும்.

வெட்டினால் போய்விடும் என்று நம்பி ஏமாந்த பெரிய கதை ஒன்று 2023 மார்ச்சில் வெளியானது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் ஒரு பழைய ஃபைலைத் திறந்து, வெட்டி, அதே பெயரில் மேலேயே சேமித்தால், வெட்டப்பட்ட பகுதியின் தரவு ஃபைலின் வாலில் மிச்சமிருந்தது. தெரிந்தவர்களால் அதில் ஒரு பகுதியை மீட்டெடுக்க முடிந்தது. கூகுள் பிக்ஸல் ஃபோன்களின் படத்திருத்தியிலும் இதே மாதிரிக் குறை இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு அக்ரோப்பலிப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் போன இடத்தில் அப்படியே கிடக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: முழுப்படத்தை எடுத்து வெட்டாமல், முதலிலேயே வேண்டியதை மட்டும் எடுப்பது. எடுக்காத ஒன்றை யாரும் மீட்க முடியாது.

ஃபைல் வகையைப் பற்றி இரண்டு வரி. ஸ்கிரீன்ஷாட் வழக்கமாக பிஎன்ஜி வகையில் சேமிக்கப்படும். அதை அப்படியே விடுங்கள். ஜேபெக் ஆக்கினால் எழுத்துகளைச் சுற்றி ஈசல் மொய்த்த மாதிரி புள்ளிகள் வரும். அந்த வகை ஃபோட்டோவுக்காகச் செய்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதுவே சுருக்கிவிடும். சின்ன எழுத்து இருந்தால் டாகுமென்ட் என்று சேர்த்து அனுப்புங்கள்.

எதையாவது சுட்டிக்காட்ட வேண்டுமென்றால் ஒரு சிவப்புப் பெட்டி போதும். ஒரே படத்தில் மூன்று அம்பு, இரண்டு வட்டம், ஒரு அடிக்கோடு போட்டு எனக்கு வந்திருக்கிறது. எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை. மூன்று விஷயம் சொல்ல வேண்டுமென்றால் மூன்று படம் அனுப்புங்கள், அல்லது பெட்டிகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள்.

உதவி கேட்டு அனுப்பும்போது எரர் எண்ணைப் படத்தோடு எழுத்திலும் எழுதிவிடுங்கள். உதவி செய்கிறவர் அதைக் காப்பி செய்து தேட முடியும். கையால் அடிக்கச் சோம்பலாக இருந்தால், விண்டோஸ் 11-இன் புதிய ஸ்னிப்பிங் டூலிலும் 2021-இல் வந்த மான்டரே பதிப்பு முதல் மேக்கிலும் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி உண்டு. எடுத்த பிறகு சுழியம் ஆங்கில ஓ-வாக மாறிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். கூடவே, இந்தச் செய்தி வருவதற்கு முன்னால் எதைக் கிளிக் செய்தீர்கள் என்று ஒரு வரி. படத்தில் அது மட்டும் விழாது.

இன்னொன்று, வாங்குகிற பக்கத்திலிருந்து. பணம் அனுப்பிவிட்டேன் என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் எஃப்12 அமுக்கி, பக்கத்தில் இருக்கும் தொகையை வேறாக மாற்றி, அதைப் படம் எடுக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. பணம் அனுப்பிய நீங்களே உங்கள் நியாயத்துக்காக வாதாட வேண்டிய நிலை வந்தாலும் அப்படித்தான். பரிவர்த்தனை எண்தான் பேசும், படம் துணைக்குத்தான்.

சேர்ந்துபோனவை

போன மாதம் என் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரைத் திறந்தபோது 1,140 படங்கள் இருந்தன. எல்லாவற்றின் பெயரும் தேதியும் நேரமும்தான். அவற்றில் வேண்டியவை முப்பது கூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் யாருக்கோ அப்போதைக்கு அனுப்பியது.

வேண்டிய முப்பதுக்குப் பெயர் வைத்தேன். முதலில் வருடம், மாதம், நாள், அப்புறம் விஷயம்: "2024-03-05 காப்பீடு புதுப்பித்தது" என்கிற மாதிரி. வருடம் முதலில் இருந்தால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். தமிழிலேயே பெயர் வைக்கலாம், கணினி ஒன்றும் சொல்லாது. மற்றவற்றை அழிக்கும்போதுதான் பார்த்தேன், என் அடையாள அட்டையின் படம் மூன்று இடத்தில் இருந்தது. அந்த ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருக்கிறது என்றால் அந்த மூன்றும் இணையத்திலும் இருக்கின்றன என்று அர்த்தம். அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன், ஒன்டிரைவின் தளத்துக்குப் போய் அங்கிருந்த ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். அது தனி.

பெரியம்மாவுக்கு அன்று ஃபோனிலேயே விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் சொல்லிக் கொடுத்தேன். மூன்றையும் ஒரே கையால் பிடிக்க விரல் எட்டவில்லை என்றார். விண்டோஸையும் ஷிஃப்டையும் இடது கையால் பிடித்துக்கொண்டு எஸ்ஸை வலது கையால் தட்டலாம் என்றதும் திரை மங்கிவிட்டது. "ஐயோ, ஏதோ ஆயிடுச்சு" என்றார். "அதுதான் பெரியம்மா, இழுங்க."

நேற்று அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. முகம் இல்லை, ஜன்னல் இல்லை, வரிகள் இல்லை. எரர் எண் மட்டும், விளிம்பு ஒட்டி, கத்தியால் நறுக்கிய மாதிரி அத்தனை சுத்தமாக. எந்த ப்ரோகிராம் என்று தெரிந்துகொள்ளத் திரும்ப ஃபோன் செய்தேன்.